வாலட்டில் வரும் சம்பளம்

2024 தீபாவளிக்கு, பெங்களூரில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தம்பி வீட்டுக்குக் கோவில்பட்டியிலிருந்து அவருடைய அப்பா வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். பலகாரத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், பேச்சுவாக்கில் மகனைப் பார்த்துக் கேட்டார்:

"ஏய்யா, உனக்குச் சம்பளம் எந்த பேங்க்ல வருது?"

"பேங்க்ல வரலப்பா. வாலட்ல வருது."

"பர்ஸ்லயா? அப்போ கையில குடுக்காங்களா?"

"கையிலயும் இல்லப்பா."

"பேங்க்லயும் இல்ல, கையிலயும் இல்ல. பிறகு எங்கதான்யா இருக்கு?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியொன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் ஆறு ஆண்டுகள் லாக்கர் பொறுப்பு. பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்று இருவருமே நினைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் தெரியாது. அதன் பிறகு தம்பியிடமும், ஆடிட்டர் நண்பர் ஒருவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலர்க் குழுவினர் "இந்த முறை சங்க இலக்கியம் வேண்டாம் சார், ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்துவிட்டது" என்று சொன்னதும் ஒரு காரணம். நம் சங்க உறுப்பினர் வீடுகளில் மென்பொருள் துறையில் இல்லாத பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் சிலருக்கேனும் இப்படிச் சம்பளம் வருகிறது. பெற்றோர்க்குத் தெரிவதில்லை, பல சமயம் வாங்குகிறவர்களுக்கே முழுதாகத் தெரிவதில்லை.

பையில் பணம் இல்லை

முதலில் பெயரே நம்மைக் குழப்புகிறது. வாலட் என்றால் பணப்பை. ஆனால் கிரிப்டோ வாலட்டுக்குள் ஒரு காசுகூட இருப்பதில்லை. இருப்பது ஒரு சாவி மட்டுமே.

கணக்கு எழுதியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு பேரேடு இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று முதல் நாளிலிருந்து ஒரு வரி விடாமல் அதில் பற்று வரவு எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பேரேடு ஒரு முதலாளியிடமோ ஒரு வங்கியிடமோ இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரிப் பிரதிகளாக இருக்கிறது. பிளாக்செயின் என்கிறார்களே, அது இதுதான். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் 2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றில் பிட்காயினுக்கான இந்த ஏற்பாட்டை விவரித்தார். 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் பக்கம் எழுதப்பட்டது. அவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. ஈதர் முதலான மற்ற நாணயங்களுக்கும் இப்படித் தனித்தனிப் பேரேடுகள் உண்டு.

பேரேட்டில் நம் பெயர் இருக்காது. முகவரி என்ற ஒரு நீண்ட எழுத்துச் சரம்தான் இருக்கும்; எத்தீரியம் பேரேட்டில் அது 42 எழுத்து. அந்த முகவரியிலிருந்து பணத்தை வேறு முகவரிக்கு மாற்றி எழுத வேண்டுமானால் அதற்குரிய ரகசிய எண்ணால் கையொப்பமிட வேண்டும். அந்த எண்தான் சாவி. சாவியிலிருந்து முகவரியைக் கணக்கிட்டுவிடலாம். முகவரியிலிருந்து சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாதல்லவா, அதுபோல. எனவே முகவரியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

தம்பியின் அப்பாவுக்கு நான் பின்னால் சொன்ன பதில் இதுதான்: "பணம் ஊருக்குப் பொதுவான பேரேட்டுல இருக்கு. உங்க பையன் கையில இருக்கிறது அதைத் தொட உரிமை தர்ற சாவி." அவர் உடனே கேட்டார்: "சாவி தொலைஞ்சா?"

சரியான கேள்வி. வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் சாவி ஒன்று, எங்கள் மாஸ்டர் சாவி ஒன்று. வாடிக்கையாளர் தன் சாவியைத் தொலைத்துவிட்டால் எழுதிக் கொடுப்பார், கட்டணம் கட்டுவார், லாக்கர் கம்பெனி ஆள் வந்து சாட்சிகள் முன்னிலையில் துளைபோட்டுத் திறப்பார். என் காலத்தில் அப்படிப் பதினோரு லாக்கர்கள் திறந்திருக்கிறோம். ஓர் அம்மாள், உள்ளே இருந்த நகையைப் பார்த்ததும் அந்த இரும்பு அறையிலேயே உட்கார்ந்து அழுததை மறக்க முடியாது. கிரிப்டோ வாலட்டில் மாஸ்டர் சாவி கிடையாது. துளைபோடும் ஆளும் கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான். பணம் பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும், தொட முடியாது.

பன்னிரண்டு சொற்கள்

சாவி என்பது 256 இரும இலக்கம் கொண்ட எண். அதை மனிதர்கள் எழுதி வைத்தால் பிழை வரும். ஆகவே 2013-இல் ஒரு வழி கண்டார்கள். 2048 எளிய ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். அதிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலட் மென்பொருளே குலுக்கிப் போட்டு எடுத்து, முதல் நாளன்று திரையில் காட்டும். அதே சொற்கள், அதே வரிசை. இவை இருந்தால் கைபேசி உடைந்தாலும் வேறொரு கருவியில் வாலட்டை மீட்டுவிடலாம். இதை ஆங்கிலத்தில் சீட் ஃபிரேஸ் என்கிறார்கள். நாம் வித்துச் சொற்கள் எனலாம், ஏனென்றால் இந்த ஒரு வித்திலிருந்துதான் அத்தனை சாவிகளும் முளைக்கின்றன.

பன்னிரண்டு சொல்தானே, எவனாவது ஊகித்துவிட மாட்டானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மொத்தச் சேர்க்கைகள் 39 இலக்கம் கொண்ட ஓர் எண் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். உலகத்துக் கணினிகளையெல்லாம் ஓட்டினாலும் நடவாது. கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்பும் அடங்கியிருக்கிறது. தவறான சொல்லை இட்டால் பெரும்பாலும் வாலட்டே ஏற்காது. பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இராது என்பது இன்னொரு நல்ல ஏற்பாடு. இந்தப் பட்டியல் ஜப்பான், கொரிய, பிரெஞ்சு, இத்தாலிய, செக் மொழிகளிலெல்லாம் அதிகாரபூர்வமாக உண்டு. தமிழில் இல்லை. நிகண்டுகளைப் பாடமாக வைத்த மொழிக்கு 2048 சொல் பஞ்சமா என்ன? நம் சங்கத்து இளைஞர்கள் யாராவது மனது வைக்கலாம். ஆங்கிலப் பட்டியலின் முதல் சொல்லுக்குப் பொருள் 'கைவிடு'. என்ன சகுனமோ!

இந்தச் சொற்களைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது, மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிக்கொள்வது, வாட்ஸ்அப்பில் போட்டு வைப்பது, இவையெல்லாம் லாக்கர் சாவியை லாக்கர் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். தம்பி என்ன செய்திருந்தார் என்று கேட்டேன். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன் அங்கிள், கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆயிடும்." எம்.டெக் படித்தவர்!

சாவியைத் தானே வைத்துக்கொள்வது ஒரு வகை. பிறரிடம் விட்டுவைப்பது இன்னொரு வகை. எக்ஸ்சேஞ்ச் எனப்படும் சந்தைக் கம்பெனிகளில் கணக்கு வைத்திருப்போர் எல்லாம் இதில் சேர்வர். கடவுச்சொல் மறந்தால் மீட்டுத் தருவார்கள், வாடிக்கையாளர் சேவை உண்டு, வங்கி மாதிரியே தோன்றும். ஆனால் வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. இங்கே அது இல்லை. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் திறக்கும் வாலட் அது, எங்கள் இரட்டைச் சாவி மாதிரி. அப்படியும் போயிற்று. வாடிக்கையாளர்கள் தங்கள் நாணயங்களை மறுபடி தொட 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டு மண்ணில் தொடங்கிய இன்னொரு கதையும் உண்டு. குவாட்ரிகா என்ற கனடா நாட்டு எக்ஸ்சேஞ்சின் தலைவர் ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் முப்பது வயதில் இறந்துபோனார். சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று கம்பெனி சொன்னது. 76,000-க்கும் மேற்பட்டோர் பணம் நின்றுபோயிற்று. 2020-இல் ஒன்டாரியோ மாநிலப் பங்குச்சந்தை ஆணையம் விசாரித்துச் சொன்னது வேறு: சாவியே பிரச்சினை இல்லை, வாடிக்கையாளர் பணத்தை அவர் முன்பே தின்று தீர்த்திருந்தார். சாவி தொலைந்தது என்பதைக்கூட நம்ப முடியாத உலகம் இது.

தன் கையிலேயே வைத்திருந்தும் கோட்டைவிட்டவருக்கு உதாரணம் ஸ்டெஃபான் தாமஸ். சான்பிரான்சிஸ்கோவில் இருந்த கணினி நிரலாளர். 2011-இல் பிட்காயினை விளக்கும் அசைவூட்டப் படம் ஒன்றைத் தயாரித்ததற்குக் கூலியாக 7,002 பிட்காயின் வாங்கினார். சாவியை ஒரு பாதுகாப்புக் கருவியில் போட்டார். அந்தக் கருவியின் கடவுச்சொல்லை எழுதிய சீட்டைத் தொலைத்தார். பத்து முறை தவறாக இட்டால் கருவி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரியில் இச்செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தபோது எட்டு முறை முடிந்திருந்தது. அன்றைய மதிப்பு சுமார் 22 கோடி டாலர். மென்பொருள் வேலைக்குக் கிரிப்டோவில் கூலி வாங்கிய முன்னோடிகளில் அவரும் ஒருவர் என்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

சம்பளம் எப்படி வருகிறது?

ஏன் இப்படி வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நியாயமான பதிலும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகப் பணம் வந்தால் இரண்டு மூன்று நாளாகும். நடுவில் இருக்கும் வங்கிகள் கட்டணம் பிடிக்கும். நாணயமாற்று விலையிலும் கொஞ்சம் போகும். எங்கள் வங்கியும் பிடித்ததுதான், மறைப்பதற்கில்லை. கிரிப்டோவில் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் சில நிமிடங்களில் வந்துவிடும், சில பேரேடுகளில் செலவு சில காசுகள். 2023-இல் விலைவாசி ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் ஏறிய அர்ஜென்டினாவில் இருக்கும் நிரலாளருக்கு உள்ளூர் நாணயத்தைவிட இது எவ்வளவோ மேல். ஒரே குழுவில் பெங்களூர்க்காரரும் பியூனஸ் ஏர்ஸ்காரரும் இருந்தால், கம்பெனி இருவருக்கும் ஒரே வழியில் அனுப்பவே விரும்பும்.

பெரும்பாலும் இரண்டு வகையில் தருகிறார்கள். ஒன்று, டாலருக்கு இணையாக நிற்பதாகச் சொல்லப்படும் நிலைநாணயம். யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி என்பவை பெயர்போனவை. ஒரு நாணயம் ஒரு டாலர். இணையாக நிற்கும் என்பதும் சத்தியமல்ல. 2022 மே மாதம் டெராயூஎஸ்டி என்ற நிலைநாணயம் ஒரே வாரத்தில் சரிந்து ஒழிந்தது. நல்ல பெயருள்ள யூஎஸ்டிசியே 2023 மார்ச்சில், அதன் இருப்பில் ஒரு பகுதி மூழ்கிய அமெரிக்க வங்கியொன்றில் இருந்ததால், 88 சென்ட்டுக்கும் கீழே இறங்கி, சில நாளில் மீண்டது. இன்னொன்று, கம்பெனி தானே வெளியிடும் டோக்கன். பங்கு மாதிரி என்பார்கள். பங்குக்குரிய சட்டப் பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடையாது. நம் தம்பிக்கு முக்கால் பங்கு யூஎஸ்டிசி, கால் பங்கு டோக்கன்.

அனுப்புவதிலும் வாங்குவதிலும் உள்ள சிக்கல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே யூஎஸ்டிசி பல பேரேடுகளில் ஓடுகிறது: எத்தீரியம், பாலிகன், சொலானா என்று. வங்கி வேறு, கணக்கு எண் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண் சரியாக இருந்தாலும் வங்கி மாறினால் பணம் சேருமா? பாலிகன் வழியாக அனுப்பியதை, எத்தீரியத்தை மட்டும் ஏற்கும் எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு விட்டுவிட்டால், மாதச் சம்பளம் அந்தரத்தில் நின்றுவிடும். முதலில் ஐந்து டாலர் அனுப்பிப் பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்புவதுதான் விவரமானவர்கள் வழக்கம். இன்னொரு திருட்டும் நடக்கிறது. நம் முகவரிப் பட்டியலில் உள்ளவரின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளோடு பொருந்தும் ஒரு போலி முகவரியை உண்டாக்கி, அதிலிருந்து அற்பத் தொகையை நமக்கு அனுப்பி வைப்பான். அடுத்த முறை நாம் பழைய வரவிலிருந்து முகவரியை நகல் எடுத்தால் பணம் அவனுக்குப் போய்விடும். 42 எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பொறுமை இருப்பவர்கள் சிலரே.

இந்தியச் சட்டமும் ஒரு லட்ச ரூபாய்ப் பாடமும்

இங்கேதான் விஷயம் கனமாகிறது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகர்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்றது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 பட்ஜெட் இதற்கு 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று பெயர் வைத்து வரி போட்டது. ஆக, வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் இது நாணயமும் அல்ல. சம்பளத்தைப் பொறுத்தவரை இந்தியக் கம்பெனி இந்தியத் தொழிலாளிக்குக் கிரிப்டோவில் ஊதியம் தர இடமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் நாணயம், நோட்டு, காசோலை, வங்கிக் கணக்கு, மின்னணு முறை என்றுதான் சொல்கிறது. ஆகவே கிரிப்டோவில் வாங்குகிறவர்கள் எல்லாம் அநேகமாக வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒப்பந்த முறையில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப் கிடையாது.

வரி இரண்டு இடத்தில் விழுகிறது. நாணயம் வாலட்டில் வந்த அன்றைய ரூபாய் மதிப்பு வருமானம். அதற்கு வழக்கமான வரிப் படி. பிறகு அதை விற்கும்போது வந்த அன்றைய விலைக்கு மேல் லாபம் இருந்தால் அதற்கு 30 சதவீதம், செஸ் தனி. விற்கும்போது தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், 2022 ஜூலையிலிருந்து. நஷ்டம் வந்தால்? அதை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. இன்னொரு நாணயத்தில் வந்த லாபத்திலும் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது.

கணக்காகப் பார்த்தால்தான் இதன் வலி புரியும். தம்பிக்கு ஒரு காலாண்டுக்கு 10,000 டோக்கன் வந்தது. வந்த அன்று விலை 30 ரூபாய், ஆக வருமானம் 3 லட்சம். அவர் 30 சதவீத வரிப் படியில் இருப்பவர். செஸ் சேர்த்து வரி 93,600. "ஏறும் அங்கிள், ஒரு வருஷம் பொறுத்தா நூறு ரூபாய் போகும்" என்று விற்காமல் வைத்திருந்தார். வரி கட்டும் நாள் வந்தபோது விலை 6 ரூபாய். கையில் இருப்பது 60,000. கட்ட வேண்டியது 93,600. டோக்கனைப் பூராவும் விற்றாலும் வரிக்குப் போதாது. 2,40,000 ரூபாய் நஷ்டம் யாருடைய கணக்கிலும் ஏறாத நஷ்டம். வேலை செய்ததற்கு அவர் கையிலிருந்து பணம் கொடுத்தது போலாயிற்று. ஆடிட்டர் நண்பர் அதன் பிறகு சொன்ன யோசனை: டோக்கன் வந்த அன்றைக்கே வரிக்குரிய பங்கை விற்று ரூபாயாக்கித் தனியே வைத்துவிட வேண்டும். இதைத் தம்பிக்கு மட்டுமல்ல, இந்தக் கட்டுரையைப் படிக்கும் எல்லாத் தம்பி தங்கையர்க்கும் சொல்கிறேன்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு முள் இருக்கிறது. வெளிநாட்டுக்குச் செய்யும் வேலை ஏற்றுமதி என்று கருதப்பட்டால் வரியில்லை. ஆனால் ஏற்றுமதி ஆக வேண்டுமானால் பணம் அந்நியச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த வழியில் ரூபாயாகவோ வர வேண்டும். கிரிப்டோ இரண்டுமில்லை. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வாங்குகிறவரிடம் அதிகாரி 18 சதவீதம் கேட்டால் எதிர்வாதம் கடினம். வங்கி வழியே வந்திருந்தால் அந்நிய வரவுச் சான்று ஒன்று கிடைத்திருக்கும். அந்தத் துண்டுக் காகிதத்தின் அருமை அது இல்லாதபோதுதான் தெரியும். வீட்டுக் கடனுக்குத் தம்பி ஒரு வங்கிக்குப் போனார். மேலாளர் கேட்டது சம்பளச் சீட்டு, இல்லையென்றால் வரவுச் சான்று. இரண்டும் இல்லை. ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிறவர், 40,000 ரூபாய் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் கடன்கூட இல்லாமல் திரும்பினார். அந்த மேலாளர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதைவிடப் பெரிய அடி வேறொரு பக்கத்திலிருந்து விழுந்தது. நிலைநாணயத்தை ரூபாயாக்க ஆளுக்கு ஆள் விற்கும் முறை ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் யூபிஐயில் நம் கணக்குக்கு ரூபாய் அனுப்புவார். நாம் நாணயத்தை விடுவிப்போம். வங்கியின் டாலர் விலையைவிடச் சற்றுக் கூடக் கிடைக்கும் என்பதால் ஆசை. தம்பி இப்படி 48,000 ரூபாய்க்கு விற்றார். பத்து நாள் கழித்து மளிகைக் கடையில் யூபிஐ வேலை செய்யவில்லை. விசாரித்தால், வேறொரு மாநிலத்துச் சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டபடி கணக்கு முடக்கப்பட்டிருந்தது. வாங்கியவன் அனுப்பிய பணம், எங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம். அவர் 1930 எண்ணுக்குப் புகார் சொல்லியிருக்கிறார். பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அத்தனையும் வரிசையாக நின்றுவிட்டன. தம்பி நிரபராதி என்று நிரூபிக்க நான்கு மாதம், இரண்டு ரயில் பயணம். அதற்குள் வாடகைக்கு அப்பாவிடம் கைநீட்ட வேண்டி வந்தது. "முப்பது வருஷம் அடுத்தவன் கணக்கு எழுதுனேன், ஒரு நாள் போலீஸ் வாசல் மிதிச்சதில்ல" என்று அவர் போனில் சொன்னாராம். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தம்பிக்குத் தாங்கவில்லை.

வேலை தேடி வரும் திருடர்

மென்பொருள்காரர்களுக்கென்றே ஒரு வலை விரிக்கப்பட்டிருக்கிறது. நல்ல சம்பளத்தில் வேலை இருக்கிறது என்று ஒருவர் தொடர்புகொள்வார். நேர்முகத் தேர்வின் ஒரு படியாக "இந்த நிரலை இறக்கி உங்கள் கணினியில் ஓட்டி, பிழையைக் கண்டுபிடியுங்கள்" என்பார். ஓட்டிய மாத்திரத்தில் உள்ளே மறைந்திருக்கும் தீநிரல், உலாவியில் உள்ள வாலட்டைத் துழாவி எடுத்துப் போய்விடும். வடகொரிய அரசின் ஆட்கள் இதைத் தொழிலாகவே நடத்துவதாக அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் எச்சரித்திருக்கிறார்கள். 2022 மார்ச்சில் ஓர் இணைய விளையாட்டுக் கம்பெனியின் ரோனின் என்ற பேரேட்டுப் பாலத்திலிருந்து 50 கோடி டாலருக்கு மேல் போனது; அக்கம்பெனிப் பொறியாளர் ஒருவருக்கு வந்த போலி வேலை ஆணைக் கோப்பிலிருந்துதான் அது தொடங்கியது என்று செய்தி வந்தது. வேலைக்கான பரீட்சையை எழுதும் கணினியும் சம்பளம் இருக்கும் கணினியும் ஒன்றாக இருக்கக் கூடாது. அதற்காகவே வன்பொருள் வாலட் என்று பென்டிரைவ் அளவில் ஒரு கருவி விற்கிறார்கள். செக் நாட்டு டிரெசார் 2014-இல் வந்தது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் பெயரே லெட்ஜர், பேரேடு! சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது. கையொப்பம் மட்டும் வெளியே வரும். அதன் சிறு திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துவது நம் பொறுப்பு. படிக்காமல் சம்மதம் கொடுப்பது வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுவதுதான்.

கணக்கு விடுபட்ட பிறகு தம்பி கம்பெனியோடு பேசினார். முக்கால் பங்கு இப்போது வங்கி வழியாக வருகிறது. டோக்கன் பங்கு மட்டும் வாலட்டில். வங்கி பிடிக்கும் கட்டணத்தைப் பற்றி இப்போதெல்லாம் அவர் பேசுவதில்லை.

2025 தை மாதம் அப்பா மறுபடி வந்திருந்தபோது புதிய கருவியில் புதிய வாலட் தொடங்கினார்கள், 24 சொற்கள். கூகுளில் கிடந்த பழைய படத்தை அழித்து, பழைய வாலட்டையே காலி செய்தாயிற்று. சொற்களைத் தாளில் எழுதும் வேலையை அப்பாவிடம் விட்டார் தம்பி. நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். இன்னொருவர் கண்ணில் படக் கூடாது என்று நானே சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாதல்லவா. உள்ளே அவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்க்கிற மாதிரி முணுமுணுத்து எழுதுவது கேட்டது. இரண்டு பிரதி. பிறகு வாலட்டில் பத்து டாலர் போட்டு, கருவியை முழுக்க அழித்து, தாளைப் பார்த்து மீண்டும் உண்டாக்கிப் பார்த்தார்கள். முதல் முறை ஏற்கவில்லை. பதினேழாவது சொல்லில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. திருத்திப் போட்டதும் பத்து டாலர் திரும்ப வந்து நின்றது.

ஒரு பிரதி கோவில்பட்டி இரும்புப் பெட்டிக்குப் போகிறது. மற்றதை இங்கே வங்கி லாக்கரில் வைப்பதாக ஏற்பாடு. லாக்கர் விண்ணப்பத்தை நான் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாமினி என்ற கட்டத்துக்கு வந்தபோது தம்பி அப்பா பெயரைச் சொன்னார்.

"எம் பேர எதுக்குய்யா போடுதே? எனக்கு அறுபத்தெட்டு. கல்யாணம் முடியட்டும், அவ பேரப் போடு" என்றார் அவர்.

அந்தக் கட்டத்தைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம்.